தேயாத முன்சக்கரம்

"காரணம் எங்கே?" என்று கேட்டார் மேனேஜர்.

"அவர் இன்னும் சொல்லலை சார்."

"ஒரு வண்டி வாங்கினவன் ஒரு பக்கத்துக்குக் காரணம் சொல்றான். இவர் மூணு வாங்கியிருக்காரு. இவர்கிட்ட ஒரு வரி வாங்க முடியலையா உன்னால?"

விசாரணை தலையைக் குனிந்துகொண்டாள். அது அவள் பெயரில்லை. அந்த மோட்டார் சைக்கிள் கடையில் வண்டி வாங்கிப்போனவர்களுக்குப் போன் செய்து, "ஏன் இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தீங்க?" என்று விசாரித்துப் படிவத்தில் எழுதுவது அவள் வேலை. அதனால் பட்டறைக்காரர்கள் வைத்த பெயர் அது. போனில் முகம் தெரியாது என்ற தைரியத்தில்தான் இந்த வேலைக்கே வந்தாள். நேரில் யாராவது பேச்சுக் கொடுத்தால் அவளுக்கு முதல் வார்த்தை வாசல் தாண்டும். இரண்டாவது தொண்டையிலேயே குடித்தனம் நடத்தும்.

அவள் விசாரித்தது ஒரே ஒரு வண்டியைப் பற்றித்தான். அதற்குக் கம்பெனி வைத்த பெயர் சண்டமாருதம். அறுநூற்றைம்பது சி.சி. முறுக்கினால் எதிர்க்கடைக் கண்ணாடி நடுங்கும். பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும். இதைப் போய் ஏன் வாங்குகிறார்கள் என்று செய்து விற்ற கம்பெனிக்கே ஆச்சரியம். மூன்று மாதத்தில் இருநூற்றுப் பதினேழு பேரிடம் காரணம் வாங்கியிருந்தாள். "மச்சான் சின்ன வண்டி வாங்கினான், அதான் நான் பெருசு வாங்கினேன்" என்றார் ஒருவர். "நாள் பூரா அடுத்தவங்க கத்துறதைக் கேக்கிறேன்மா. சாயங்காலமாவது நான் கத்த வேண்டாமா?" என்றார் ஒரு பல் டாக்டர்.

இருநூற்றுப் பதினெட்டாவது படிவம்தான் காலி. எட்டே மாதத்தில் மூன்று சண்டமாருதம் வாங்கிய மனிதருடையது.

"நாலு மணிக்குத் தலைமை அலுவலகத்திலேருந்து மேடம் வர்றாங்க. முதல்ல அதைத்தான் கேப்பாங்க" என்றார் மேனேஜர். "உன் மூணு மாசம் இன்னியோட முடியுது, ஞாபகம் இருக்கா? வேலை நிரந்தரமா, இல்ல நீ வீட்டுக்கான்னு மேடம்தான் முடிவு பண்ணணும்."

வீடு என்றால் அக்கா வீடு. அங்கே அக்காவின் இரட்டைப் பிள்ளைகள், வயது மூன்று. போன வாரம்தான் அத்தானின் கைக்கடிகாரத்துக்குத் தண்ணீர்த் தொட்டியில் நீச்சல் பழக்கியிருந்தார்கள். "வேலை போனா போகட்டும்டி. இதுங்களைப் பாத்துக்கிட்டு இங்கேயே இரேன்" என்று அக்கா அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்பை நினைத்ததும் விசாரணை போனை எடுத்தாள்.

நாற்பதாவது தடவையாக அந்த எண்ணைச் சுழற்றினாள். எடுத்தார். எடுத்ததும் காதுக்குள் இடி விழுந்தது. பின்னால் அப்படி ஒரு என்ஜின் சத்தம்!

"சார், சண்டமாருதத்தை ஏன்..."

"என்னது?"

"ஏன் வாங்கினீங்க?"

"கேக்கலைம்மா! வண்டி ஓடிக்கிட்டிருக்கு! நடுவுல நிறுத்த முடியாது!"

வைத்துவிட்டார். எப்போது கூப்பிட்டாலும் இதே கதைதான். காலை ஏழு மணிக்கும் இடி, மாலை ஐந்து மணிக்கும் இடி. அந்த மனிதர் வண்டியை விட்டு இறங்குவதே இல்லை போலிருக்கிறது.

விசாரணை நாலு பக்கமும் பார்த்தாள். பேனாவை எடுத்தாள். பேச்சுத்தான் வராதே தவிர, எழுத்து அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. காலிக் கட்டத்தில் மளமளவென்று எழுதினாள்: "இந்த வண்டி என்னை எங்கும் கொண்டுபோக வேண்டாம். இதன் சத்தம் கேட்டாலே என் வயிறு நிறைந்துவிடும். என் குடும்பமே இதன் சக்கரத்தைச் சுற்றித்தான் சுழல்கிறது."

மேனேஜர் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"இதைத்தான் மூணு மாசமா தேடினோம்!" என்று துள்ளினார். அதோடு விட்டிருக்கலாம். அங்கேயே மேடத்துக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினார்.

மேடமும் சண்டமாருதம் ஓட்டுகிறவர். அந்தப் பக்கத்திலிருந்து வந்த கூச்சல் விசாரணையின் மேஜை வரைக்கும் கேட்டது. "அந்த மனுஷரை நான் பாக்கணும்! நாலு மணிக்கு அங்கே இருக்கணும்! விழா வைங்க, கோப்பை கொடுப்போம், படம் பிடிக்க ஆள் கூட்டிட்டு வர்றேன்!"

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது விசாரணைக்கு. அந்த மனிதர் மேடையேறி, "நான் இதைச் சொல்லவே இல்லையே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்கா வீடு, இரட்டைப் பிள்ளைகள், தண்ணீர்த் தொட்டி.

அவர் வர முடியாது என்று சொல்ல ஏதாவது காரணம் கிடைக்காதா என்று பட்டறைக்கு ஓடினாள். மெக்கானிக் அண்ணன் சர்வீஸ் பதிவேட்டின் மேல்தான் தலை வைத்துப் படுத்திருந்தார்.

"அண்ணே, அந்த மூணு வண்டிக்காரர் எப்படிப்பட்டவர்ண்ணே?"

மெக்கானிக் அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். தூக்கம் போன இடம் தெரியவில்லை. "விசாரணை! கேக்க வேண்டிய ஆளைப் பத்தித்தான் கேட்டிருக்கே. நான் நேர்ல பாத்ததில்ல. அவர் வண்டி மினி லாரியில வரும், லாரியிலயே போகும். ஊருக்குள்ள அதை ஓட்டி அழுக்காக்க மனசு வரலை பாரு! ஆனா இந்தக் கணக்கைப் பாரு." பதிவேட்டைத் திருப்பினார். "முதல் வண்டி, எட்டு மாசம், நாப்பத்திரண்டாயிரம் கிலோமீட்டர்."

"நாப்பத்திரண்டாயிரமா?"

"உலகத்தையே ஒரு சுத்து சுத்தி, மிச்சத்துல பக்கத்து ஊருக்கும் போயிட்டு வரலாம். மீட்டர் பொய் சொல்லாது. பின்சக்கரம் எத்தனை தடவை சுத்துச்சோ அத்தனையையும் எண்ணி வெச்சிருக்கும். இதைக் கேளு, பின் டயர் நாலு தடவை மாத்தியாச்சு. முன் டயர்?" குரலைத் தாழ்த்தினார். "முன் டயர்ல கம்பெனி ஒட்டின சீட்டு கூட உரியலை."

"அது எப்படிண்ணே?"

"எப்படியா? முன்சக்கரத்தைத் தூக்கிக்கிட்டே ஓட்டுறாரும்மா! நாப்பத்திரண்டாயிரமும் ஒத்தைச் சக்கரத்துல! பிரேக்கும் புதுசு மாதிரியே இருக்கு. பிரேக்கே பிடிக்காத மனுஷன்!"

விசாரணைக்குப் புல்லரித்தது. அடுத்த நிமிஷம் ஒரு வழியும் பிறந்தது. மேனேஜரிடம் ஓடினாள்.

"சார், அவர் வர மாட்டார் சார். எப்பவும் ஓட்டிக்கிட்டே இருப்பார். உலகத்தைச் சுத்தினவர். அதுவும்... ஒத்தைச் சக்கரத்துல."

சொல்லி முடித்த பிறகுதான் செய்த தவறு புரிந்தது. மேனேஜரின் கண்கள் சண்டமாருதத்தின் முன்விளக்கு போலப் பளிச்சென்று எரிந்தன.

"ஒத்தைச் சக்கரத்துலயா?"

அரை மணி நேரத்தில் வாசலில் பேனர் ஏறிவிட்டது: "ஒற்றைச் சக்கரத்தில் உலகம் சுற்றிய வீரரே, வருக!" முற்றத்திலிருந்த வண்டிகளை ஓரம் கட்டி நடுவில் பாதை போட்டார்கள். இரண்டு பக்கமும் பழைய டயர்களை அடுக்கினார்கள். மேடத்தின் முன்னால் அவர் ஒரு தடவை தூக்கி ஓட்டிக் காட்ட வேண்டுமாம். எதிர்க்கடைக்காரர் தன் கண்ணாடிக்குக் குறுக்கே பலகை அடித்துக்கொண்டிருந்தார்.

இனி ஒரே வழிதான். அவரை வரவிடாமல் தடுக்க வேண்டும். விசாரணை மறுபடி போன் செய்தாள். ஒரு பெண் குரல் எடுத்தது. பின்னால் அதே இடி.

"அம்மா, சார் இன்னிக்குக் கடைப் பக்கம் வர வேண்டாம்னு சொல்ல..."

"அவரா? அப்பவே கிளம்பிட்டாரே! யாரோ மேனேஜராம், போன் பண்ணிக் கூப்பிட்டாராம். மூணாவது வண்டிக்குப் பின் டயர் தேஞ்சு போச்சும்மா. மாத்தின மாதிரியும் ஆச்சுன்னு லாரியில ஏத்திட்டு வர்றாரு. சீக்கிரம் அனுப்பி வைங்க. இங்க ரெண்டு வண்டிதான் ஓடுது, கூட்டம் நிக்குது!"

கூட்டம் வேறு நிற்கிறதாம். ரசிகர்கள்! விசாரணை போனை வைத்துவிட்டு, மேஜை டிராயரிலிருந்த தன் சீப்பு, பேனா, தண்ணீர்ப் புட்டி எல்லாவற்றையும் எடுத்துப் பைக்குள் போட ஆரம்பித்தாள்.

நாலு மணிக்கு மேடம் தன் சண்டமாருதத்திலேயே வந்து இறங்கினார். நாலேகாலுக்கு மினி லாரி வந்து நின்றது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

இறங்கியவர் ஒல்லியான மனிதர். தலை, புருவம், மீசை, சட்டைக் கழுத்து எங்கும் வெள்ளையாகத் தூசி. கையில் ஹெல்மெட் இல்லை. பேனரை நிமிர்ந்து பார்த்தார். யாரோ பெரிய ஆள் வரப்போகிறார் என்று நினைத்து ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டார்.

"தூசியைக் கூடத் தட்டாம நேரா வந்திருக்காரு பாருங்க!" என்று மேடம் மெய்சிலிர்த்து, கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப்போனார். "சொல்லுங்க! எந்தெந்த ஊரெல்லாம் பாத்திருக்கீங்க?"

"ஊரா?" அவர் கூச்சத்தோடு நெளிந்தார். "நான் எங்கேயும் போறதில்லீங்க. எல்லா ஊரும் நம்மகிட்ட வரும்."

கூட்டம் எழுந்து நின்றது. பிறகு விசில் பறந்தது. "ஞானி!" என்றார் மெக்கானிக் அண்ணன்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?"

"காலையில ஆறு மணிக்கு முடுக்கினா பொழுது சாயிற வரைக்கும் நிக்காது."

"சூடாகாதா வண்டி?"

"எதிர்க்காத்து இருந்தாச் சூடு ஏறாதுங்க. அதுக்குத் தக்கபடி வெச்சுக்குவேன்."

"காத்தடிக்கிற திசை பாத்துப் போறாரு!" என்று மெக்கானிக் அண்ணன் பக்கத்திலிருந்தவருக்கு விளக்கினார்.

"மூணு வண்டியையும் மாத்தி மாத்தி ஓட்டுவீங்களா?"

"இல்லீங்க, மூணும் ஒண்ணாத்தான் ஓடும். ஒண்ணு நான், ஒண்ணு வீட்டுக்காரி, இன்னொண்ணு மாமியார்."

"மாமியாரா?" மேடத்தின் குரல் உச்சிக்குப் போனது. "அவங்க வயசு?"

"எழுபத்திரண்டு. சும்மா சொல்லக்கூடாது, எங்க ரெண்டு பேரையும் விட அவங்கதான் வேகம்."

படம் பிடிக்க வந்தவர் கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். மேனேஜர் ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். "அந்த முன்சக்கரம்! முன்சக்கரத்தைப் பத்திச் சொல்லுங்க!"

"முன்சக்கரமா?" மனிதர் குழம்பினார். "அதுக்கு என்னங்க வேலை?"

அவ்வளவுதான். மெக்கானிக் அண்ணன் நாற்காலி மேல் ஏறிவிட்டார். சத்தம் அடங்கவே இரண்டு நிமிஷம் ஆனது.

அப்போதுதான் மேடம் படிவத்தை விரித்தார். "நீங்க எழுதச் சொன்ன காரணம். இதைப் படிச்சுத்தான் ஓடி வந்தேன்." நிறுத்தி நிதானமாகப் படித்தார். விசாரணை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவோரம் நகர்ந்தாள். 'வயிறு நிறைந்துவிடும்' வந்தது. 'குடும்பமே சுழல்கிறது' வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

மேடம் படித்து முடித்தார். கண்ணைத் திறந்து பார்த்தாள். அந்த மனிதரின் கண் கலங்கியிருந்தது.

"இதை நான் சொல்லலீங்களே" என்றார்.

விசாரணை கதவுப் பிடியைத் திருகினாள்.

"ஆனா எழுதினது யாரு? என் மனசுக்குள்ள புகுந்து பாத்த மாதிரி இருக்கே! ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். இந்தச் சத்தம் ஒரு நாள் நின்னா எங்க வயிறு காஞ்சிரும்."

எல்லாத் தலையும் கதவுப் பக்கம் திரும்பியது. மேனேஜர் விரலை நீட்டினார். "அவதான் மேடம், நம்ம விசாரணை."

"வாடிக்கையாளர் சொல்லாத காரணத்தையே எழுதுற பொண்ணு! இவளைப் போயா மூணு மாசத்தோட அனுப்பப் பாத்தீங்க?" என்று மேடம் மேனேஜரின் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி, அங்கேயே உத்தரவில் கையெழுத்துப் போட்டார். காகிதம் கைக்கு வந்தது. மை காயும் வரை விசாரணை அதை ஊதிக்கொண்டே இருந்தாள். தோளிலிருந்து பை தானாக நழுவி விழுந்தது. அக்கா வீட்டு இரட்டையர்கள் கண்காணாத தூரத்துக்கு ஓடிப்போனார்கள்.

"உங்களுக்கும் கம்பெனி ஏதாவது செய்யணும்" என்று மேடம் அந்த மனிதர் பக்கம் திரும்பினார். "எதுவேணா கேளுங்க!"

அவர் தலையைச் சொறிந்தார். வெள்ளைத் தூசி பொலபொலவென்று ஒலிபெருக்கி மேல் உதிர்ந்தது.

"பெருசா ஒண்ணும் இல்லீங்க. பின்சக்கரத்துல பெல்ட்டை மாட்டித்தான் எங்க மாவு மில்லு மூணு கல்லும் சுத்துது. அடுத்த வண்டியை அந்த முன்சக்கரம் இல்லாம கொடுத்தீங்கன்னா, அந்த இடத்துல நான் இன்னும் ரெண்டு மூட்டை அடுக்கிக்குவேன்."