தீவுக்கு ஒத்திகை

விமானம் கிளம்பிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் சின்னவன் இறங்க வேண்டும் என்றான்.

"நடுவானத்துல இறங்க முடியாதுடா கண்ணா," என்றார் மாஸ்டர்.

"எனக்கு ஒண்ணுக்கு வருது."

சாப்பாட்டு நாற்காலிகளை ஹாலில் வரிசையாகப் போட்டுச் செய்த விமானம் அது. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் போன வருடக் காலண்டரின் கடல் படம் ஒட்டியிருந்தது. சீட் பெல்ட்டுக்குப் பழைய படுக்கை விரிப்பைக் கிழித்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் படிக்கும் பெரியவள் விமானப் பணிப்பெண்ணாக இருந்தாள். அந்தப் பதவியை அவள் மிகவும் பெரிதாக எடுத்துக்கொண்டதுதான் தொல்லை. பெல்ட் விளக்கு எரிவதால் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று கழிவறைக்குப் போகும் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

மாஸ்டர் பெல்ட்டை அவிழ்க்கப் பார்த்தார். மூன்று வயதுக் குழந்தை நழுவிவிடக் கூடாதே என்று அவரே பார்த்துப் பார்த்துப் போட்ட முடிச்சு, அசைந்து கொடுக்கவில்லை. நாற்காலியிலிருந்து ஈரம் சொட்டத் தொடங்கியபோது அவர் தன்னை மறந்து குரல் கொடுத்துவிட்டார்.

"இங்க கொஞ்சம் வாயேன்!"

உள்ளறைக் கதவு திறந்தது. மனைவி கையில் கத்தரிக்கோலோடு வந்தாள். உள்ளே இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்று அதிலேயே தெரிந்தது. முடிச்சை வெட்டினாள், பையனைத் தூக்கிக்கொண்டாள், கணவனைப் பார்த்தாள்.

"தோத்துட்டீங்க."

அவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அதனால் தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். காலி மைதானத்தில் போதும் போதும் என்கிறவரை ஓட்டவிட்டுப் பார்க்காமல் யாரையும் அவர் சாலைக்கு அனுப்ப மாட்டார். கல்யாணத்துக்கு முதல் நாள்கூட, மேடைப் படியில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று ஏறி இறங்கிப் பார்த்தவர். அவருடைய வலது கால் வீட்டிலும் சும்மா இருக்காது. பிள்ளைகள் ஓடினால் சோபாவில் உட்கார்ந்தபடியே இல்லாத பிரேக்கை மிதிக்கும்.

மனைவிக்கு ஒரு வங்கியில் வேலை. வாடிக்கையாளர்களின் குறைகளைப் போனில் கேட்கும் பிரிவு. பகலெல்லாம் ஊரார் குறையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே இரண்டு வாடிக்கையாளர்கள் வாசலிலேயே காத்திருப்பார்கள். இவன் என்னைப் பார்க்கிறான் என்பது ஒரு குறை. இவள் என்னைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாள் என்பது இன்னொன்று. சின்னவன் பிறந்த பிறகு அவள் ஒரு காபியைச் சூடு ஆறுவதற்குள் குடித்து மாஸ்டர் பார்த்ததில்லை. அது அவர் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் போன மாதம் ஒரு நாள் தீவுப் பேச்சை எடுத்தார்.

"முன்னாடி கடல், பின்னாடி தென்னை மரம். ஒரு வாரம் நீ பாட்டுக்குக் காலை நீட்டிப் படுத்திரு. ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட வேண்டாம். பசங்களை நான் பாத்துக்கறேன்."

"நீங்களா?"

"நானேதான்."

அவள் வெகுநேரம் யோசித்தாள்.

"சரி, டிக்கெட்டை நான் பாத்துக்கறேன். அதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும், என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடாம சமாளிச்சுக் காட்டுங்க. நான் உள்ளதான் இருப்பேன். ஆனா இல்லைன்னு வச்சுக்கங்க. முடியலைன்னா தீவுப் பேச்சே கிடையாது."

ஒத்திகை என்றதும் மாஸ்டருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது. விமானம் காலை வாரிவிட்டதும், இன்னொரு வாய்ப்புக் கேட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த ஞாயிறு மணலைக் கையில் எடுத்தார்.

சின்னவனுக்கு மணல் என்றால் ஆகாது. பூங்காவில் மணல்மேடு கண்ணில் பட்டாலே அப்பாவின் தோளுக்கு ஏறிவிடுவான். இவனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனால் ஒரு வாரமும் தோளிலேயே கழியும். ஆகவே பக்கத்துக் கட்டட வேலைக்காரர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மூட்டை மணல் வாங்கிவந்து குளியலறையில் கொட்டினார்.

காலையில் பாதி நேரம் பையன் வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தான். அக்கா உள்ளே போய் வீடு கட்டியதும் ஒரு கால் வைத்தான். பிறகு மறு கால். அதன் பிறகு அவனை வெளியே கொண்டுவர யாராலும் முடியவில்லை. சோறும் அங்கேதான் வேண்டும் என்றான். மாஸ்டர் தட்டை எடுக்கச் சமையலறைக்குப் போனார். மணல் இருக்கிறது, கடல் இல்லையே என்று பெரியவளுக்குத் தோன்றியது. குழாயைத் திறந்துவிட்டாள்.

தட்டோடு திரும்பிவந்தவர் கடலைப் பார்த்தார். மணல் போய்த் துளையை அடைத்துக்கொண்டதில் தண்ணீர் வாசற்படியைத் தாண்டி ஹாலுக்குள் வந்துகொண்டிருந்தது. குழாயை மூடினார். துளையைக் குச்சியால் குத்தினார், குச்சி ஒடிந்து உள்ளே போனது. துணி துவைக்கும் தூளைக் கொட்டினால் வழி விடும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வர, அதையும் கொட்டினார். கடலில் நுரை பொங்கியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டுக்காரர் குடையோடு வந்து நின்று, தன் வீட்டுக் கூடத்தில் மழை பெய்வதாகச் சொன்னார்.

இத்தனைக்கும் மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் உள்ளறைக் கதவு திறந்தது.

"நான் கூப்பிடலையே," என்றார் அவசரமாக.

"தண்ணி கூப்பிட்டுச்சு," என்றாள் மனைவி. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளியலறைக்குப் போனாள்.

அன்று இரவு சாப்பிடும்போது, தீவை மறந்துவிடலாம் என்று அவரே சொல்லிவிட்டார். அவளை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. ஆனால் மனைவி விடவில்லை. அதுதான் அவருக்கு ஆச்சரியம். மறுநாளிலிருந்து அவளே அவருக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தாள். சின்னவன் நீலக் கரண்டி இருந்தால்தான் வாயைத் திறப்பான். பெரியவள் வயிறு வலிக்கிறது என்றால் எந்த இடத்தில் என்று கேட்க வேண்டும், இடம் மாறிக்கொண்டே போனால் அது பள்ளிக்கூட வலி. பின்னல் எப்படிப் போடுவது, ஜுரம் வந்தால் மருந்து எவ்வளவு, தூங்கும் முன் எந்தக் கதையில் எந்தக் கரடி எப்படி உறும வேண்டும், எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். உறுமல் சரியாக வரும்வரை விடவில்லை. பாவம், தீவுக்கு எவ்வளவு ஏங்கியிருக்கிறாள் என்று மாஸ்டருக்கு நெஞ்சு கனத்தது.

மூன்றாவது ஞாயிறு. மாஸ்டர் விமானமும் கட்டவில்லை, கடலும் கொட்டவில்லை. பிள்ளைகளோடு வெறுமனே இருந்தார். பின்னல் கோணலாக வந்தது, பெரியவள் கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் பெரிய மனது பண்ணி மன்னித்தாள். கரடி இரண்டு முறை உறுமியது.

மத்தியானம் சின்னவன் கட்டிலிலிருந்து குதித்து உதட்டைக் கிழித்துக்கொண்டான். ரத்தத்தைப் பார்த்ததும் அம்மா, அம்மா என்று வீடு அதிர அழுதான். மாஸ்டர் அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக் கதவுக்கு ஓடினார். தட்டக் கையை ஓங்கிவிட்டார். உள்ளே சத்தமே இல்லை. தூங்குகிறாள் போலிருக்கிறது, பட்டப்பகலில், எத்தனை வருடம் கழித்தோ. ஓங்கிய கையை இறக்கினார். அங்கேயே தரையில் உட்கார்ந்து, பெரியவள் கொண்டுவந்த ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி உதட்டில் வைத்து, கரடிக் கதையை மெல்லச் சொன்னார். பையன் விசும்பி விசும்பி, அவர் மார்பிலேயே தூங்கிப்போனான்.

அவன் அவர் மேல் தூங்குவது அதுதான் முதல் தடவை. மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. கால் மரத்துப்போயும் அசையாமல் இருந்தார்.

சாயங்காலம் கதவைத் திறந்த மனைவி, தரையில் கிடந்த மூவரையும் பார்த்தாள். உதட்டைப் பார்த்தாள், கோணல் பின்னலையும் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை அவர் இதற்கு முன் கண்டதில்லை.

"நாளைக்கு வேலை முடிஞ்சதும் டிக்கெட்டை வாங்கிட்டு வந்துடுங்க," என்றாள். "எல்லாம் போட்டாச்சு."

மறுநாள் பயண ஏஜென்சியில் இருந்த பெண்ணிடம் மாஸ்டர் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். மனைவிக்கு ஜன்னலோரச் சீட் வேண்டும். பிள்ளைகளிடமிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி.

"இந்த ஒரு வாரம் அவளை யாருமே கூப்பிடக் கூடாதும்மா. அதுக்காகத்தான் இவ்வளவு பாடும்."

அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"மேடத்துக்கு டிக்கெட்டே போடலையே சார். போன மாசமே போன் பண்ணி உங்களுக்கும் குழந்தைங்களுக்கும் மட்டும்தான் போட்டாங்க. ஒரு வாரம் வீட்ல நீங்க யாருமே இருக்க மாட்டீங்கன்னு எவ்வளவு சந்தோஷமாச் சொன்னாங்க தெரியுமா?"