அஞ்சலைக்கு ஆடி அழைப்பு

எனக்குக் கல்யாணம் ஆவதற்கு நாலு வருஷம் முன்பே ஒரு மாமனார் வாய்த்துவிட்டார். இந்தப் பூவுலகில் அவரைவிட அடாவடியான வியாபாரி இருந்ததில்லை, இனி இருக்கப்போவதும் இல்லை என்று எந்த மேடையிலும் ஏறிச் சொல்லத் தயார். ஏமாற்றுகிற வியாபாரி என்றால் நமக்குப் பழக்கம். நாலு வார்த்தை திட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். விற்ற பொருளை விற்றதாகவே ஒப்புக்கொள்ளாத வியாபாரியை என்ன செய்வது? நீங்களே சொல்லுங்கள்.

அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. இன்டர்மீடியட் பாஸ். வேலை கிடையாது. உலகத்தைத் திருத்தும் யோசனைகள் மட்டும் தினத்துக்கு நாலு வரும். ராயபுரத்தில் எந்திர எண்ணெய் மொத்த வியாபாரம் செய்த திருநெல்வேலி முதலாளி ஒருவர், எண்ணூர்ப் பக்கம் புதிதாக எழும்பும் தொழிற்சாலைகளில் ஆர்டர் பிடிக்க ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு ஓடினேன்.

"இங்கிலீஷ் நல்லாத்தான் பேசுதீரு தம்பி. ஆனா நமக்குச் சொந்தக் கார் உள்ள ஆளுல்லா வேணும்?" என்றார் முதலாளி. "பஸ்ஸுல போயி இறங்குனா வாட்ச்மேனே எண்ணெய் வேண்டாம்னு அனுப்பிருவான். கார்ல போனா எந்திரிச்சுக் கதவைத் தொறப்பான். ஒரு மாசம் டயம் தாரேன். கார் இருந்தா வாரும், இல்லேன்னா வரவேண்டாம்."

அம்மாவின் இரண்டு வளையலும் என் சைக்கிளும் சேர்ந்து நானூற்றைம்பது ரூபாய் ஆயின. அந்தத் தொகையைச் சொன்னதும் மவுண்ட் ரோடு புரோக்கர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஒருவன் காட்டிய காரில் தரையே இல்லை. உட்கார்ந்தால் கால் ரோட்டில் பட்டது. "பெட்ரோல் தீந்துட்டா நடந்தே ஓட்டலாம் சார்" என்றான். இன்னொருவன் காட்டிய காரின் பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரித்த பிறகு வரச் சொன்னான். மூன்று வாரம் இப்படிப் போனபிறகுதான் ஒரு லாரி டிரைவர், "நேரா மாமனார் ஷெட்டுக்குப் போ" என்றார்.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் ராயபுரத்தில் யாருக்கும் தெரியாது. கல்மண்டபத்திலிருந்து காசிமேடு வரை அவர் மாமனார்தான். ரயில்வே லைனை ஒட்டி, தகரமும் பழைய பாய்மரத் துணியும் போட்டு மூடிய ஷெட். உள்ளே கிரீஸ் படிந்த வேட்டியோடு ஒரு குள்ளமான மனிதர். நெற்றியில் விபூதிப் பட்டை, காதில் பென்சில்.

"காரு வோணுமா? குந்து" என்றார். "தண்ணி போடுவியா?"

"இல்லை."

"பீடி?"

"இல்லை."

"வூட்ல யார் யாரு கீறாங்கோ?"

"அம்மா மட்டும்."

"அம்மா கோவக்காரியா?"

எனக்குச் சுருக்கென்றது. "நான் கார் வாங்க வந்திருக்கேன்!" என்றேன்.

"நானும் அத்தப் பத்திதான் பேசிகினு கீறேன் நைனா."

பிறகு காரைக் காட்டினார். எந்தக் கம்பெனிக் கார் என்று கேட்காதீர்கள். பேர் பொறித்த தகடு எந்தக் காலத்திலோ விழுந்துவிட்டது. மேல்கூரை பாய்மரத் துணி. உடம்பெல்லாம் கப்பலுக்கு அடிக்கிற சாம்பல் வர்ணம். அதற்கு அஞ்சலை என்று பேர் வைத்திருந்தார். மற்ற வியாபாரிகள் குறையை மறைப்பார்கள். இந்த மனிதர் குறையை மட்டும்தான் சொன்னார்.

"ரெண்டாவது கியரு கெடையாது. மோடு ஏறினா அழுவா. மழை வந்தா மூஞ்சத் தூக்கி வச்சுக்குவா. ஆனா நம்பி வந்தவன நடுத்தெருவுல வுட்டுட மாட்டா."

(அஞ்சலை என்னை நடுத்தெருவில் விட்டது முதல் வருஷத்தில் மட்டும் பதினேழு தடவை.)

ஷெட்டின் மூலையில் இன்னொரு கார் தலையோடு கால் துணி போர்த்திக்கொண்டு நின்றது. சும்மா இருக்க மாட்டாமல் ஓரத்தைத் தூக்கினேன். கறுப்பு மினுமினுப்பில் என் முகமே தெரிந்தது.

"கைய எடு!" என்று பாய்ந்து வந்தார். "அது மூத்தவ. அவளுக்குத் தோதா மாப்ள இன்னும் கெடைக்கல."

அஞ்சலையின் விலையைக் கேட்டேன். "வெல கெடக்குது. மொதல்ல வூட்டப் பாக்கணும்" என்றார்.

பார்க்கவும் வந்தார்! ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவியோடு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கு. அந்த அம்மாள் என் அம்மா போட்ட காபியை இரண்டு வாய் குடித்துவிட்டுக் கணவரைப் பார்த்துத் தலையாட்டினாள். அவர் நேரே கொல்லைப்புற மாட்டுக் கொட்டகைக்குப் போனார். மூக்கை நீட்டிக் காற்றை மோந்தார்.

"கெயக்கால கடலு. உப்புக் காத்து நேரா அடிக்குது. பொண்ணு ஆறு மாசத்துல இத்துப் பூடுவா. ஓலைத் தட்டி கட்டு. கட்டிட்டுச் சொல்லி அனுப்பு."

நானூற்றைம்பது ரூபாய் கொடுக்கிறவன் நான், உத்தரவு அவருடையது! இருந்தாலும் மாதம் முடிய ஆறே நாள் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டி கட்டினேன். வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாள், மறுநாள் சர்க்கரையோடு வந்து, "பொண்ணு நல்ல நிறமா?" என்று என் அம்மாவைக் கேட்டாள். அம்மா யோசித்து, "சாம்பல் நிறம்" என்றாள்.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் பார்த்து அஞ்சலையை அனுப்பிவைத்தார்கள். முகப்பில் மஞ்சள் குங்குமம், விளக்குகளுக்கு மல்லிகைச் சரம். பணத்தைக் கையால் வாங்க மாட்டேன் என்று தட்டில் வைத்து வாங்கினார். அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எதுனா கொறையிருந்தா எங்க கையில சொல்லு தம்பி. அவள அடிக்காத" என்றாள். ஐந்து நிமிஷம் முன்னால் டயரை லேசாக உதைத்துப் பார்த்திருந்தேன். அதைக் கவனித்துவிட்டாள் போலிருக்கிறது. அந்த நிமிஷத்திலிருந்து அவருக்கு நான் 'மாப்ளே'.

வேலை கிடைத்தது. வாட்ச்மேன்கள் எழுந்து நின்றார்கள். அஞ்சலை போடுகிற சத்தத்துக்கு யாராக இருந்தாலும் எழுந்துதான் நிற்பார்கள். வாழ்க்கை ஓடத் தொடங்கியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை என்று ஒன்று வருகிறதே! சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார். என்னை ஒரு வார்த்தை விசாரிக்க மாட்டார். கொட்டகைக்குப் போய் பானெட்டைத் தூக்கி, "இன்னாம்மா, எளச்சுப் பூட்டே?" என்பார். ஒரு தடவை எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பார்த்துவிட்டுத் தெருவே கேட்கும்படி கத்தினார்:

"ஊருக்கெல்லாம் எண்ணெ விக்கிறான் மாப்ள! கட்டினவ எண்ணெ இல்லாம காஞ்சு கெடக்குறா!"

அன்றைக்குத் தெருவில் நான் தலைநிமிர்ந்து நடக்கவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆடி முதல் தேதி நடந்ததைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

குளித்துவிட்டு வருகிறேன். கூடத்தில் மாமனாரும் மாமியாரும். அம்மா கையில் ஒரு தாம்பாளம். அதில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, அம்மாவுக்கு ஒரு ரவிக்கைத் துண்டு, எனக்கு ஒரு சரிகை வேட்டி.

"ஆடி பொறந்துருச்சு மாப்ளே. பொண்ண இட்டுகினு போவ வந்துகிறோம். ஆவணி ஒண்ணாந் தேதி கொண்டாந்து வுட்டுர்றேன்."

அந்த வாரம் வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத்தான் எண்ணூரில் ஒரு பெரிய தொழிற்சாலை எங்களைக் கூப்பிட்டிருந்தது. முதலாளியே நேரில் வருகிறார், என் காரில். அந்த ஆர்டர் கிடைத்தால் என் வேலை நிரந்தரம். சொதப்பினால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

"முடியவே முடியாது! தட்டை எடுத்துட்டுப் போங்க!" என்று கத்தினேன்.

"தட்ட ஆத்தா வாங்கிட்டாங்களே" என்றார் மாமனார் அமைதியாக.

அம்மாவை இழுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். "அம்மா, அது கார்!"

"தெரியும்டா. கையில தட்டைக் கொடுத்தாங்க, வாங்கிட்டேன். வாங்கின தட்டைத் திருப்பிக் கொடுத்தா அந்தப் பொம்பளை மனசு என்ன பாடுபடும்? முறைன்னா முறைதானே!" என்றவள், வண்டியைக் கிளப்புகிற இரும்புக் கைப்பிடியை எடுத்துப் போய், குங்குமம் வைத்து, அவர்களிடம் கொடுத்தாள். என் வளர்ப்புத் தாயா என்று ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. அஞ்சலை, என்னிடம் ஒருநாளும் காட்டாத குஷியோடு, ஒரே சுழற்றில் கிளம்பிப் போனாள்.

மறுநாள் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தால், பாயை விரித்து அஞ்சலையின் எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டிருக்கிறார். ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் முக்கி, அந்த அம்மாள் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதலாளி கடை வாசலில் கார் நிக்கணும்! நிக்கலேன்னா என் வேலை போச்சு! எங்கம்மா வளையலைத் திருப்பித் தருவீங்களா?" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவர் நிமிரவே இல்லை. "ஆடி முடியாம அனுப்ப மாட்டேன் மாப்ளே. சாப்ட்டியா?" என்றார்.

நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் பென்சிலைச் சீவிக்கொண்டு, "திருட்டு எப்போ நடந்தது?" என்றார்.

"நேத்துக் காலைல எட்டு மணிக்கு."

"எப்படி உள்ளே வந்தான்?"

"வாசல் வழியா. தாம்பூலத் தட்டோட."

பென்சில் நின்றது. "மாமனாரா?" என்றார் மெதுவாக. பிறகு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். வெளியே சுவரில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. "என் மோட்டார் சைக்கிளும் அங்கதான்யா இருக்கு. ஊர்ல பொண்ணைத் தலை ஆடிக்குத்தான் அழைப்பாங்க. இவர் வருஷா வருஷம் அழைக்கிறார். எனக்கு இது மூணாவது ஆடி. பிள்ளைகுட்டி இல்லாத வீடு... நான் என்ன சட்டத்தைக் காட்டச் சொல்றே? வேட்டி உனக்குச் சரிகையா? எனக்கு வெறும் கரைதான்."

அரசாங்கமே சைக்கிளில் போகும்போது நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

முதலாளியிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். அவர் கிறிஸ்தவர், ஆடியும் ஆவணியும் அவருக்கு ஒன்றுதான். "கார் பொறந்த வீட்டுக்குப் போயிருக்காக்கும்? நல்லா இருக்குவே கதை! வெள்ளிக்கிழமை கார் வரணும். இல்லைன்னா நீரும் உம்ம பொறந்த வீட்டுக்குப் போயிரும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை. கடை வாசலில் நான், எண்ணெய் மாதிரிப் புட்டிகள், முதலாளி. மணி ஒன்பது அடிக்க ஐந்து நிமிஷம். ராஜினாமாக் கடிதத்தை மனசுக்குள் இங்கிலீஷில் எழுத ஆரம்பித்துவிட்டேன். தெருமுனையில் சத்தமே இல்லாமல் கறுப்பாக ஏதோ திரும்பியது. மீன்கூடைக்காரிகள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். கப்பல் போல மிதந்து வந்து எங்கள் முன் நின்றது மூத்தவள்! மல்லிகைச் சரம் போட்டிருந்தாள். உள்ளே ஸ்டியரிங்குக்கு மேல் கண் மட்டும் தெரிய மாமனார் உட்கார்ந்திருந்தார்.

"ஏறு மாப்ளே" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "சின்னவ அங்க கெடக்குறா. அதுக்காவ மாப்ள மானம் பூடக் கூடாதுல்ல?"

துணியை விலக்கினதற்கே பாய்ந்து வந்த மனிதர்!

எண்ணூர் போகிறவரை மாட்டுவண்டியை முந்தவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் "மெள்ள, மெள்ள" என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, "கொஞ்சம் விரட்டும்வே" என்றார்.

"மொத மொத வெளிய வந்துகிறா. கூச்சப்படுறா" என்றார் மாமனார்.

பத்தடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். வாட்ச்மேன் மட்டுமல்ல, உள்ளேயிருந்து தொழிற்சாலை மானேஜரே வந்து கதவைத் திறந்தார். வருஷம் முழுவதற்குமான ஆர்டர்! திரும்பும்போது முதலாளி சீட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "பெரியவரே, இந்தக் காருக்கு என்ன விலை சொல்லுதீரு?" என்றார்.

மாமனார் வண்டியை ஓரமாக நிறுத்தினார். திரும்பி, முதலாளியை உச்சியிலிருந்து பாதம் வரை ஒருமுறை பார்த்தார்.

"தண்ணி போடுவியா?" என்றார்.

ஆவணி முதல் தேதி, சொன்ன சொல் தவறாமல், அஞ்சலையைக் கொண்டுவந்து விட்டார். இரண்டாவது கியர் போட்டிருந்தது. அதற்கு ஒரு காசு வாங்க மறுத்துவிட்டார். "பொண்ணுக்குப் போட்டத்துக்குக் கணக்குக் கேப்பியா?" என்று என்மேல்தான் பாய்ந்தார்.

இதெல்லாம் நடந்து ஆறு வருஷம் ஆகிறது. இப்போது கம்பெனியே எனக்கு ஒரு கார் கொடுத்திருக்கிறது. அஞ்சலை கடைசியாக ஓடி இரண்டு வருஷம் ஆகிறது. இனி ஓடவும் மாட்டாள். கொட்டகையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறாள். பழைய இரும்புக்காரன் மாதம் ஒருமுறை வந்து நல்ல விலை கேட்கிறான். என் மனைவி நச்சரிக்கிறாள். கொடுத்துத் தொலைத்துவிடலாம்தான். ஆனால் என்ன அநியாயம் பாருங்கள்: ஆடி பிறந்தால் அந்த மனிதர் தட்டோடு வந்து நிற்பார், கயிறு கட்டியாவது இழுத்துப் போக. "பொண்ணு எங்க மாப்ளே?" என்று கேட்டால் என் வாயிலிருந்து என்ன வரும்? போன வாரம்தான் கிழக்குப் பக்கத்து ஓலைத் தட்டியைப் புதிதாக மாற்றிக் கட்டினேன்.