நீலக்கலர் பியூஸ்

மச்சான் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். என் வீட்டில் தீர்மானம் எடுக்க எனக்கு முழு உரிமை உண்டு. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் அனுமதி கிடையாது.

மச்சான் விஜயராஜ் மூலக்குளத்தில் வீடு கட்டியிருக்கிறான். நல்லவன்தான். ஆனால் ஒவ்வொரு குழாயாகத் திறந்து, "தண்ணி வருது பாருங்க மாமா" என்பான். குழாயில் வேறு என்ன வரும்? அதே ஞாயிற்றுக்கிழமை காலையில், கடலோர நல்லவாடு கிராமத்துச் சிநேகிதன் சுப்பராயலு என்னை இட்லியும் வஞ்சிர மீன் குழம்பும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

தடை, என் பிக்கப் வண்டி. புது வீட்டுக்குள் முதலில் பசுவும் கன்றும் நுழைய வேண்டும். மூலக்குளத்தில் மாடி வீடு எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும், மாடு கிடைக்காது. பாகூரிலிருந்து எங்கள் மாட்டை ஏற்றிவருவதாக என் மனைவி பாக்யலட்சுமி தம்பிக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். அந்த வண்டிக்கு நான் போட்டிருக்கும் ஹாரன் லேசுப்பட்டதல்ல. அடித்தால் ஏரிக்கரைக் கொக்கெல்லாம் எழும்பிவிடும்.

ஞாயிறு விடிந்ததும் வண்டியின் பியூஸ் பெட்டியைத் திறந்து, டீசல் பம்புக்குப் போகும் நீலக்கலர் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அது இல்லாவிட்டால் வண்டி இருமும், கிளம்பாது.

"பாக்கியம், வண்டி பூட்சிடி!"

"இன்னாங்க ஆச்சி?"

"பியூஸு அவுட்டு."

"வேற மாத்துங்க."

"வேற ஏது? வில்லியனூர் போயிதான் வாங்கியாரணும்."

"பால் காய்ச்சறதுக்குள்ள வந்துடுவீங்களா?"

"கடைய தொறக்கணுமே! நீ பஸ்ல போ. மாட்டுக்கு உன் தம்பி இன்னாவோ பண்ணிப்பான்."

அவள் முகம் வாடிவிட்டது. "நாத்தனாரு நான்தான வெளக்க புடிச்சிகினு உள்ள போவணும். பக்கத்துல நீங்க இல்லன்னா நல்லாவாங்க இருக்கும்?"

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. நெஞ்சு இளகிவிட்டது. வயிறுதான் இளகவில்லை. பைக்கை எடுத்தேன். வில்லியனூர் ஒரு பக்கம், நான் போனது கடற்கரைப் பக்கம்.

சுப்பராயலு வீட்டு வாசலில் பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். அவன் பெண்சாதி செல்வகுமாரி இட்லி வைத்தாள். அதன் மேல் குழம்பை ஊற்றினாள். வாசனையே பாதி வயிற்றை நிரப்பியது. மீதியை நிரப்பக் கையை நீட்டினேன்.

"ம்மா!" என்றது பின்னால் ஒரு குரல்.

பழகிய குரல். திரும்பினேன். எங்கள் வீட்டுப் பசு! அதன் பக்கத்தில் கன்று. இரண்டும் நிற்பது என் பிக்கப்பில். ஓட்டுநர் சீட்டில் பட்டுப்புடவையோடு பாக்கியம். கரும்பு வெட்டிய கழனியில் அவளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்த மகாபாவி நான்தான்.

"கைய எடுங்க. ஓமம் வளக்கற வூட்டுக்கு மீனு துன்னுட்டு வரக்கூடாது."

"நீ எப்டிடி இங்க?"

"அண்ணனுக்கு காரம் எவ்ளோ போடணும்னு நேத்தே செல்வகுமாரி போன் பண்ணிக் கேட்டுச்சி."

செல்வகுமாரி அவசரமாக உள்ளே போய்விட்டாள்.

"வண்டி எப்டி கெளம்புச்சி?"

"போன மாசம் நீங்க லைட்டு பியூஸ் மாத்தறப்ப டார்ச்சு புடிச்சது யாரு? 'நேராப் புடிடி, நேராப் புடிடி'ன்னு அந்தக் கத்து கத்துனீங்களே! நேராப் புடிச்சேன், எல்லாம் நேராத் தெரிஞ்சிது. ஹாரன் பியூஸும் அதே நீலந்தான். புடுங்கி இதுல சொருவிட்டேன்."

அதனால்தான் ஹாரன் சத்தமே இல்லாமல் வந்து நின்றிருக்கிறாள்.

"பையில கீற பியூஸ எடுத்து ஹாரனுக்குப் போடுங்க."

போட்டேன். அதற்குள் அவள் குழம்பைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு வந்தாள். "மூஞ்ச அப்டி வெச்சிக்காதீங்க. மீன் கொழம்பு நாளைக்கிதான் ருசி. நானே சுடவெச்சித் தர்றேன்."

என் கண்ணே கலங்கிவிட்டது. பெருந்தன்மையாக ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தேன்.

"அங்க இல்ல. பின்னாடி ஏறுங்க. மாடு மெரளுது."

மூலக்குளம் வரைக்கும் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனாள். கடைத்தெருவே திரும்பி என்னைப் பார்த்தது. போதாததற்கு ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினாள்:

"கயித்த நேராப் புடிங்க!"