உள்ளங்கைக்குக் கால் லிட்டர்

விடிந்தும் விடியாததுமாக மாடிப்படியில் பூனை மாதிரி இறங்கி வந்த சின்னவர், வண்டிக்கு அடியில் குப்புறப் படுத்துத் தலையை உள்ளே நீட்டினார். நேற்று நாணயம் அளவுக்கு இருந்த ஆயில் கறை இன்றைக்கு உள்ளங்கை அளவுக்கு வளர்ந்திருந்தது.

"போச்சுடா," என்றார் கறையைப் பார்த்து.

சின்னவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அண்ணன் பெரியவர் என்பதால் இவர் சின்னவர், அவ்வளவுதான். அண்ணனும் தம்பியுமாக இருபத்தாறு வருஷமாக ஊரார் வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்கி வீடு மாற்றிக் கொடுக்கிற தொழில். அன்றைக்கு வாங்கிய அதே பிக்கப் வண்டிதான் இன்றைக்கும். கீழ்வீட்டில் அண்ணனும் அண்ணியும், மாடி அறையில் கல்யாணமே பண்ணிக்கொள்ளாத சின்னவர், வாசலில் வண்டி என்று காலம் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணனும் தம்பியும் பேசி எட்டு மாதம் ஆகிறது. ஒரு கண்ணாடி பீரோவைப் படியில் இறக்கும்போது கீழே நின்ற பெரியவருக்குக் கை நழுவிவிட்டது. அவர் சட்டென்று ஒதுங்கிக்கொள்ள, பீரோ மிச்சப் படிகளைத் தானாகவே இறங்கிப் போய் நொறுங்கியது. "உங்களுக்கு வயசாயிடுச்சுண்ணே, இனிமே வண்டி மட்டும் ஓட்டுங்க" என்று சின்னவர் சொன்னது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் பீரோக்காரர் குடும்பத்தோடு நின்று வேடிக்கை பார்க்கும்போது சொல்லிவிட்டார். பெரியவருக்கு மூக்கு மேல் கோபம். "அப்ப நீயே தனியாப் பாத்துக்கடா" என்றவர், அதற்கப்புறம் தம்பியிடம் வாயைத் திறக்கவில்லை.

காலையிலிருந்து ஒரு மணிவரை வண்டி சின்னவருக்கு, இரண்டு மணியிலிருந்து இருட்டும் வரை பெரியவருக்கு என்று அண்ணிதான் பாகம் பிரித்து வைத்தாள். சாவி நிலைப்படி ஆணியில் தொங்கும். ஒருவர் மாட்டிவிட்டுப் போன பிறகுதான் இன்னொருவர் வந்து எடுப்பார்.

அதைக்கூடச் சின்னவர் பொறுத்துக்கொண்டார். போன மாதம் சாப்பாடு கொண்டுவந்து வைத்த அண்ணி, போகிற போக்கில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"வண்டி ஓடுற வரைக்கும்தான் இங்க. அது படுத்துட்டா பேசாம மக ஊருக்குப் போயிடலாம்னு உங்க அண்ணன் சொல்றாரு தம்பி."

 அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாலும் அந்த முகம் கீழ்வீட்டில்தானே இருக்கிறது. காலையில் அவர் இருமுவது மாடிக்குக் கேட்கிறது. அதுவும் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தபோது சின்னவருக்குச் சோறு இறங்கவில்லை. எப்பாடுபட்டாவது வண்டி படுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒழுகுகிற விஷயமே அண்ணன் காதுக்குப் போகக்கூடாது.

எஞ்சினில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று விட்டுப் பார்க்கிற கம்பியின் நுனி, கோடு போட்ட இடத்தோடு உடைந்து போய் வெகுநாளாகிறது. எனவே சின்னவர் சொந்தமாக ஒரு கணக்குக் கண்டுபிடித்தார். தரையில் உள்ளங்கை அளவு கறை இருந்தால் கால் லிட்டர் ஆயில். கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்த கேனைத் துண்டில் சுற்றி எடுத்து வந்து ஊற்றினார். கறைமேல் மரத்தூளைத் தூவிக் கூட்டி அள்ளினார். அண்ணன் எழுந்து கதவைத் திறப்பதற்குள் தரை சுத்தமாகியிருந்தது.

ஒரு வாரத்தில் கறை இரண்டு உள்ளங்கை ஆனது. கணக்குப்படி அரை லிட்டர் ஊற்றினார்.

அடுத்த வாரம் மூன்று உள்ளங்கை. சின்னவருக்குப் பயம் வந்துவிட்டது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எஞ்சின் மேல்மூடி போல்ட்டுகளை ஒன்று விடாமல் மூச்சைப் பிடித்து முறுக்கினார். அப்புறம் கீழே படுத்து, அடிப்பக்கத்து போல்ட்டையும் முறுக்கிக்கொண்டிருந்தபோது, சாமான் தூக்க வரும் லோடுமேன் வந்துவிட்டார்.

"என்னண்ணே, தரையில படுத்திருக்கீங்க?"

"சும்மாதான். குளுகுளுன்னு இருக்கு."

"ஸ்பேனரோடவா?"

"உனக்கு வேலை இல்லையா? கயித்த எடுத்து வண்டியில போடுப்பா."

போல்ட்டை முறுக்கியதில் உள்ளே ஆயில் கசியாமல் அடைத்திருந்த பேக்கிங் பிதுங்கிவிட்டது. இதுவரை கீழே மட்டும் சொட்டியது, இப்போது பக்கவாட்டிலும் வழிய ஆரம்பித்தது. பிதுங்கிய இடத்தில் ஒரு டியூப் பசையை அப்பினார். பசை சூட்டில் இளகி ஆயிலோடு சேர்ந்து வழிந்தது. கடைசியாக ஒரு பெரிய பிஸ்கட் டின்னின் மூடியை எஞ்சினுக்கு அடியில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். சொட்டுவதெல்லாம் அதில் விழட்டும், வேலை முடிந்து கொட்டிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

மூடி வேலை செய்யத்தான் செய்தது, முதல் வேகத்தடை வரைக்கும். அன்றைக்கு ஒரு டீச்சரம்மா வீட்டுச் சாமான். அவர் புதுவீட்டு வாசலில் வண்டி தூக்கிப் போட்டதில், மூடியில் இருந்த அத்தனை ஆயிலும் தரையில் கொட்டிவிட்டது. அதைக் கவனிக்காமல் சின்னவர் வெள்ளை மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினார். மெத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இது யாரோட கால்?" என்று கத்தினார் டீச்சரம்மா.

புத்தம்புது டைல்ஸில் வாசலிலிருந்து படுக்கையறை வரை வரிசையாகக் கறுப்புப் பாதங்கள். எல்லாமே வலது கால். லோடுமேன் தன் காலைத் தூக்கிக் காட்டினார். சின்னவர் தூக்கவில்லை.

"நீங்கதானா? அதென்ன, ஒத்தக் கால்லயே நொண்டியடிச்சு வந்தீங்களா?"

"இல்லம்மா, இன்னொரு கால் அதுல படல."

"பதில் வேற சொல்றீங்களா!"

சின்னவர் தோள் துண்டை எடுத்து மண்டியிட்டுத் துடைக்க ஆரம்பித்தார். படி படியாகத் துடைத்துக்கொண்டு கீழே வந்து சேர வெகுநேரம் ஆனது. அண்ணன் மட்டும் கூட இருந்திருந்தால் முதலில் நாலு வார்த்தை திட்டியிருப்பார். அப்புறம் தானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து துடைத்திருப்பார். அந்தத் திட்டைக் கேட்டு எட்டு மாதம் ஆகிறதே என்று நினைத்தபடி துண்டைப் பிழிந்தார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் மெக்கானிக்கிடம் நிறுத்தினார்.

"பின்னாடி ஆயில அடைக்கிற சீல் தள்ளியிருக்குண்ணே. கியர்பாக்ஸ் இறக்கணும். ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க," என்றார் மெக்கானிக்.

"பத்து நிமிஷந்தான் விட முடியும்."

"பத்து நிமிஷத்துல டீதான் குடிக்க முடியும்."

"ஏதாவது பண்ணுப்பா. ஒரு மணிக்கு வண்டி வீட்ல இருக்கணும்."

"ஆயில் அளவெல்லாம் சரியா இருக்கா?"

"அதுல குறையே கிடையாது. பாத்துப் பாத்து ஊத்துறேன்."

"அப்ப எஞ்சினுக்கு வயசாயிடுச்சு. புகை கக்க ஆரம்பிச்சா அதோட முடிஞ்சுதுன்னு வச்சுக்குங்க."

வயது என்ற வார்த்தையைக் கேட்டதும் சின்னவர் வேறெதுவும் கேட்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். வருகிற வழியில் மனசு கேட்காமல், மூடியிலிருந்து கொட்டியதற்கு ஈடாக இன்னொரு கால் லிட்டர் வாங்கி ஊற்றினார்.

மூன்றாம் நாள் பகல் ஒரு மணிக்கு வண்டி வாசலில் வந்து நின்றபோது, பின்னால் தெருவே தெரியவில்லை. நீலமும் வெள்ளையுமாக அப்படி ஒரு புகை. சாவிக்காகக் காத்திருந்த பெரியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சின்னவர் இறங்கி வந்து இந்தப் பக்கம் நின்றார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒன்றையே பார்த்தார்கள். பெரியவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். புகை உள்ளே போய் இருமல்தான் வந்தது. இருமிக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டார்.

சின்னவர் படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அண்ணி வந்தாள்.

"வண்டிய என்ன பண்றதுன்னு கேக்கறாரு தம்பி."

விற்கக்கூடாது என்று சொல்லத்தான் நினைத்தார். ஆனால் அண்ணன் ஏற்கெனவே போவதாக முடிவு பண்ணியிருக்கும்போது குறுக்கே விழுந்து தடுத்த மாதிரி ஆகிவிடுமே என்று வீம்பு வந்தது.

"அண்ணனுக்கு விக்கணும்னு தோணினா வித்துடலாம் அண்ணி."

அண்ணி உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"தம்பிக்கு விக்கணும்னு தோணினா வித்துடலாமாம்."

"எனக்கு என்ன, அவர் சொன்னா சரி."

மறுபடி உள்ளே போய், மறுபடி வந்தாள்.

"நீங்க சொன்னா சரியாம்."

"அப்ப சரி."

"எது சரி? எனக்கு நடந்து நடந்து கால் வலிக்குது. விக்கறதா வேண்டாமா?"

சின்னவர் தரையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். அண்ணி அதை விற்கலாம் என்று எடுத்துக்கொண்டாள். உள்ளேயும் பெரியவர் தலையைத்தான் ஆட்டியிருப்பார் போலிருக்கிறது.

வியாழக்கிழமை, பழைய வண்டிகளை வாங்கி உடைக்கிற யார்டிலிருந்து ஆட்கள் வந்து வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். தெருமுனை வரை ஒரு ஆயில் கோடு விழுந்தது. சின்னவர் மாடியில் நின்று அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பெரியவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் ஊருக்குக் கிளம்புவதென்று முடிவாயிற்று. ஊரார் வீட்டையெல்லாம் மாற்றிக் கொடுத்தவர்கள் தங்கள் வீட்டை மாற்ற வேறொருவரிடம் வாடகை வண்டி சொல்ல வேண்டியதாயிற்று. வெள்ளிக்கிழமை முழுக்க அண்ணி பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்குகிற சத்தம் மாடிக்குக் கேட்டது. சின்னவர் இரண்டு தடவை பாதிப் படி வரை இறங்கினார். இரண்டு தடவையும் எதற்கு வந்தோம் என்று தெரியாதவர்போலத் திரும்பி ஏறிவிட்டார்.

சனிக்கிழமை பிற்பகல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வண்டியையாவது கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று யார்டுக்கு நடந்தார்.

பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. கதவுகள் ஒரு பக்கம், சக்கரங்கள் ஒரு பக்கம், பின்தொட்டி தனியாக வெட்டிச் சாய்த்து வைத்திருந்தது. எஞ்சினை மட்டும் மரக்கட்டைமேல் தூக்கி வைத்து, ஒரு தொழிலாளி துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது உங்க வண்டியா சார்? ஏன் வித்தீங்க?"

"எஞ்சின் போயிடுச்சுப்பா."

"யாரு சொன்னா? ஓட்டிப் பாத்துட்டுத்தான் எறக்கினேன். சீல் தவிர ஒரு கோளாறும் இல்ல. முதலாளி இத உடைக்க வேண்டாம், அப்படியே வைன்னு சொல்லிட்டாரு."

"அப்படிப் புகைஞ்சுதே? ஒழுகுச்சே?"

"புகையாம என்ன பண்ணும்? அஞ்சு லிட்டர் பிடிக்கிற எடத்துல எட்டு லிட்டர் இருந்துச்சு. வாய் வரைக்கும் ரொப்பி வச்சா சீல் தள்ளத்தான் செய்யும். ஊத்த ஊத்த ஒழுகும், ஒழுக ஒழுக நீங்க ஊத்துவீங்க."

சின்னவர் திருதிருவென்று விழித்தார். விரல்விட்டு எண்ணினார். உள்ளங்கைகளையெல்லாம் கூட்டிப் பார்த்தார். எப்படிக் கூட்டினாலும் எட்டு லிட்டர் வரவில்லை.

"இருக்கவே முடியாதுப்பா. ஒழுகினதுக்கு மேல நான் ஒரு சொட்டு ஊத்தல." அவர் எஞ்சின்மேல் கையை வைத்தார். "வண்டி நின்னா அண்ணன் என்னைய விட்டுட்டுப் போயிடுவாருன்னு, அவருக்குத் தெரியாம, காலைல காலைல அளவாத்தான் ஊத்தினேன்."

தொழிலாளி கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"காலைல ஒரு பெரியவர் வந்து, நீங்க நிக்கிற இதே எடத்துல நின்னு, 'வண்டி நின்னா தம்பி என்னைய விட்டுடுவான்னு, அவனுக்குத் தெரியாம மத்தியானம் மத்தியானம் அளவாத்தான் ஊத்தினேன்'னு சொல்லி அழுதுட்டுப் போனாரு சார்."