அத்தை போட்ட ராஜா

மரியாதை தெரிந்த மருமகளைப் போல ஆபத்தான ஜோடி சீட்டாட்டத்தில் கிடையாது. அந்த மருமகள் நான்தான்.

கல்யாணமான மூன்றாவது மாதம். மன்னார்குடி வீட்டில் ஞாயிறு மதியம் பிரிட்ஜ். மாமா பொதுப்பணித் துறை குவார்ட்டர்ஸில் கற்றுவந்து வீடு முழுக்கத் தொற்றவைத்த ஆட்டம். அவரும் என் கணவர் செந்திலும் ஒரு கட்சி. அத்தையும் (மாமியாரைச் சொல்கிறேன்) நானும் எதிர்க்கட்சி.

மஸ்கட்டில் நாத்தனாருக்குக் குழந்தை பிறந்திருந்தது. தனியாக விமானம் ஏற அத்தைக்குப் பயம். மாமாவோ சம்பா நடவைச் சொல்லி நழுவிக்கொண்டிருந்தார். அன்று ஏலத்தில் அவர் "நாலு இஸ்பேட்" என்றார். இஸ்பேட் துருப்பு, பதின்மூன்று சுற்றில் பத்து தனக்கு என்று பொருள்.

"டபுள்!" என்று சவால் விட்டார் அத்தை. "தோத்தீங்கன்னா மஸ்கட் வர்றீங்க."

"முதல்ல தோக்கடி, பாப்போம்."

நாங்கள் நான்கு சுற்று எடுத்தால் போதும். இரண்டு எடுத்தாயிற்று. அப்போது அத்தை டைமன் ராஜாவை இறக்கினார். டைமன் ஏஸும் ராணியும் என்னிடம். ராணி இல்லாமல் ராஜாவைப் போடுகிறார் என்றால் அவரிடம் வேறு டைமனே இல்லை. நான் ஏஸால் அடித்து, மறுபடி டைமனே போட்டால் அத்தை துருப்பால் வெட்டிவிடுவார். நாலு ஆயிற்று, மஸ்கட்! எல்லாம் சரியாகத்தான் யோசித்தேன். ஆனால் மாமியார் போட்ட ராஜாவை, நேற்று வந்த நான் அடிப்பதா? (என் அம்மா கேள்விப்பட்டால்?) பவ்யமாக டைமன் மூன்றைப் போட்டேன்.

ராஜாவோடு எங்களுக்கு மூன்று சுற்றுதான் ஆயிற்று. அடுத்து அத்தை வேறு வழியின்றி கிளாவர் போட, மாமா அதைப் பிடித்தார். அத்தையிடம் இருந்த கடைசித் துருப்பையும் பிடுங்கி, பத்தையும் ஜெயித்தார். என் ஏஸ் கடைசியில் ஒரு துருப்பிடம் அடிவாங்கிச் செத்தது.

"ஏஸ் உங்கிட்டயா இருந்துச்சு?"

"நீங்க போட்டத நான் எப்படி அத்தை அடிக்கிறது?"

செந்திலுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். பின்னாலேயே போய் அழுதேன். பேரப்பிள்ளையைப் பார்க்க விடாமல் செய்துவிட்டேனே என்றிருந்தது.

அத்தை முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். "அவரு வராட்டி போறாரு. நீ வர்றியா?"

போனோம். விமானம் கிளம்பியதிலிருந்து இறங்கும்வரை அத்தை என் கையை விடவில்லை. எனக்கும் அதுதான் முதல் விமானம் என்பதை நான் சொல்லவில்லை. ஜெயித்த மாமாவுக்குப் பதினைந்து நாளும் செந்தில் வைத்த ரசம்தான்.

எங்கள் வீட்டில் யாராவது மனதில் இருப்பதைச் சொல்லாமல் விழுங்கினால், "ஏஸ வச்சிருக்கியா?" என்றுதான் இன்றும் கேட்பார்கள். நேற்று, முழங்கால் வலிக்கு டாக்டரிடம் வரவே மாட்டேன் என்றார் அத்தை.

"வர்றீங்க அத்தை. கிளம்புங்க" என்றேன்.

என்னை முறைத்தார். "அடிச்சிட்டா பாருங்க, ஏஸால!" என்று மாமாவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, செருப்பைத் தேட ஆரம்பித்தார்.