மாப்பிள்ளை மாட்டிய காற்று அட்டை

கோயம்புத்தூரில் ஏசி இன்ஜினியராக இருந்து ஊரையே குளிர்விக்கும் மாப்பிள்ளை முத்துக்குமரன் அவர்களுக்கு, சமயநல்லூரில் வெந்துகொண்டிருக்கும் மாமனார் மலையாண்டி எழுதுவது. இங்கு நான், உங்கள் அத்தை சோலையம்மாள், பூசணம் பூத்த மூவாயிரம் அப்பளம் அனைவரும் நலம். அங்கு மகள் பாண்டீஸ்வரியின் நலத்துக்கு மட்டும் பதில் போடவும்.

முப்பது வருஷமாக அப்பளம் போடுகிறேன். காலையில் வாசலில் நின்று முகத்தில் காற்று வாங்கினாலே இன்று காயுமா காயாதா என்று தெரிந்துவிடும். பொங்கலுக்கு வந்த நீங்கள், "மாமா, முகத்த நம்பாதீங்க, இத நம்புங்க" என்று கோடும் வளைவுமாக ஓர் அட்டையைச் சுவரில் மாட்டினீர்கள். பக்கத்தில் இரண்டு வெப்பமானி, ஒன்றின் குமிழில் மட்டும் துணி. துணியை நனைத்து, கை படாமல், கால் மணி நேரம் கழித்து இரண்டையும் அட்டையில் பொருத்திப் பார்த்தால் காற்றில் எவ்வளவு ஈரம் என்று தெரியும். காற்று காய்ந்திருந்தால் ஈரத்துணிக்காரன் இறங்கி நிற்பான். இரண்டும் ஒன்றாக நின்றால் காற்றில் ஈரம் நூற்றுக்கு நூறு, அன்றைக்கு அப்பளத்தை விரிக்கவே கூடாது என்று பாடம் நடத்தினீர்கள். பள்ளிக்கூடத்தில்கூட நான் அவ்வளவு தலையாட்டியதில்லை.

சித்திரையில், திருமங்கலத்துக் கல்யாணத்துக்கு மூவாயிரம் அப்பளம் கேட்டார் சமையல்காரர் பால்பாண்டி. மூன்று நாளும் இரண்டு வெப்பமானியும் முப்பத்தெட்டில் ஒட்டிப்பிறந்த அண்ணன் தம்பியாக நின்றன. உங்கள் அட்டைப்படி அந்தக் காற்றில் அயிரை மீன் நீந்தியிருக்க வேண்டும். வெளியே தார் ரோடு உருகுகிறது. நான் படித்தவர் பேச்சைத் தட்டாமல் ஈர அப்பளத்தை அறைக்குள் அடுக்கிப் பூட்டினேன். நாலாம் நாள் பால்பாண்டி வந்து பார்த்து, "ஏண்ணே, இம்புட்டு வெயில வச்சுக்கிட்டு அப்பளத்த அடைகாத்தீகளா?" என்றார். அட்டையைக் காட்டினேன். அட்டையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "இனிமே வேற ஆளப் பாத்துக்கிறேண்ணே" என்று போய்விட்டார். பன்னிரண்டு வருஷப் பழக்கம் மாப்பிள்ளை, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆகவே அடுத்த முறை வரும்போது அட்டையைக் கையோடு கழற்றிக்கொண்டு போகவும். மீனாட்சி அருளால் நீங்கள் இருவரும் சகல சௌபாக்கியங்களோடும், கொஞ்சம் குறைவான படிப்போடும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மலையாண்டி

பி.கு.: உறையில் போடுமுன் உங்கள் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "நீங்க நனைச்சுவிட்டு அங்கிட்டுப் போனதும் நாந்தேன் காஞ்ச துணிய மாத்திக் கட்டுவேன். கல்யாண அப்பளம் காயிற எடத்துல எழவு வீடு மாதிரி ஈரத்துணி கெடக்கலாமா?" என்றாள். அட்டையின் மேல் பிழை இல்லை. இருந்தாலும் பழி உங்கள் மேலேயே இருக்கட்டும். நீங்கள் இருப்பது கோயம்புத்தூரில். அவள் இருப்பது என் அடுப்படியில்.