மணற்கேணிக் கடலில் எரிவாயு எழுந்தருளிய வரலாறு

பாற்கடலைக் கடைந்தபோது எழுந்த நஞ்சைத் தாம் உண்டு, அமுதைப் பிறர்க்கு விட்டுக்கொடுத்த நீலகண்டப் பெருமானின் திருவடிகளை முதற்கண் வணங்குகின்றோம். தேவர்களுக்குக் கடைகயிறாகப் பாம்பாவது கிடைத்தது. எங்கள் மணற்கேணிக்கு அந்த வசதியும் இல்லை.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் தீர்த்தம் போலக் கரண்டியில் வழங்கப்பட்ட காலம். நீரிறைக்கும் இயந்திரங்கள் மௌன விரதம் பூண்டன. வெங்காயம் நட்டவர்கள் அனைவரும் கையால் நீரிறைக்கும் கிணற்றுத் துலாவுக்குத் திரும்பினர். துலாவுக்குக் கயிறு வேண்டும். கயிற்றுக்கோ, கரையோரத்து மார்கிரட் ஆழமற்ற பரவைக்கடற் சேற்றில் மாதக்கணக்காக ஊறப்போட்டிருந்த தேங்காய்ப் பொச்சுமட்டை வேண்டும். அவளுடைய வீட்டில் உலை கொதிப்பதும் அந்த மட்டையால்தான்.

மட்டையை எடுக்க அவள் இறங்கிய அன்று, சேவையிலிருந்து இளைப்பாறிய கிளாக்கரும் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவருமான முத்துக்குமாரு கரையோரம் நின்று சுருட்டுப் பற்றவைத்தார். எரிந்துகொண்டிருந்த குச்சியை நீரில் எறிந்தார். மட்டையருகே எழுந்த குமிழியொன்று நீலமாக எரிந்து அணைந்தது.

"மார்கிரட், வெளியாலை வா. உது எரிவாயு."

"உது மட்டை அழுகிற காத்து, ஐயா. வருசா வருசம் வாறதுதானே."

"வருசா வருசம் வருதெண்டால், அடியிலை வளம் எவ்வளவு கிடக்கும் எண்டு யோசி."

அன்று மாலையே 'பரவைக்கடல் எரிவாயு அபிவிருத்தி மற்றும் பாதுகாப்புச் சபை' மங்கள விளக்கேற்றித் தொடங்கப்பட்டது. விளக்கில் எண்ணெய் இல்லாமையால் ஏற்றியதாகக் கருதப்பட்டது. எரிவாயுவால் எல்லா இயந்திரங்களும் இயங்கும் நன்னாள்வரை, கடலடியை எவரும் தீண்டலாகாது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

"மட்டை இல்லாட்டிக் கயிறு இல்லை, ஐயா. உங்கடை வெங்காயமும் கருகிப்போம்."

"எரிவாயு வந்தால் கயிறு என்னத்துக்கு?"

"வருமட்டும்?"

"வருமட்டும் சபை இருக்குது."

செய்தி எதிர்க்கரையான ஆலடிக்கரைக்கு எட்டியது. அங்கேயும் ஒரு சபை உதித்தது. தலைவர் பரமலிங்கம், முத்துக்குமாருவின் சம்பந்தி. இருவரும் நடுக்கடலில் முழங்காலளவு நீரில் பேச்சுவார்த்தை நடத்தினர்.

"சம்பந்தி, மேற்காலை வீசுற கச்சான் காத்துக்குக் குமிழி எங்கடை பக்கம் வந்துதான் உடையுது. ஆனபடியால் வாயு எங்கடை" என்றார் பரமலிங்கம்.

"உடைஞ்ச இடம் கணக்கில்லை. பிறந்த இடந்தான் கணக்கு."

"அப்பிடியெண்டால் உங்கடை மகளையும் கூட்டிக்கொண்டு போங்கோ. பிறந்தது உங்கடை வீட்டிலைதானே."

பேச்சுவார்த்தை அத்துடன் சுமுகமாக முறிந்தது. மகள் பெட்டியுடன் தாய்வீடு திரும்பினாள். பக்கத்துக்கு ஒரு மண்டை உடைந்தது. அதன்பின் எல்லை நாட்டுவதென இரு சபைகளும் உடன்பட்டன. உடன்பட்டது அந்த ஒன்றில் மட்டுமே. கம்புகள் ஊன்றப்பட்டன. கம்புகளைத் தொடுக்கக் கயிறு வேண்டியிருந்தது. எல்லைக் கயிற்றுக்கென மட்டும், வாயுவுக்குச் சேதமின்றி மட்டையெடுக்க மார்கிரட்டுக்கு விசேட அனுமதி வழங்கப்பட்டது. கூலி, எரிவாயு வந்ததும்.

"வராட்டி?" என்று கேட்டாள்.

"அவநம்பிக்கை அபிவிருத்திக்கு எதிரி" என்றன இரு சபைகளும்.

அவள் மட்டை முழுவதையும் எடுத்துத் தட்டி, திரித்து, கடலின் குறுக்கே கட்டி முடித்தாள். குமிழி நின்றது.

வாயுவை எதிர்க்கரையார் களவாக இழுத்துக்கொண்டனர் என்று இரு கரையாரும் மேலிடத்தில் முறையிட்டனர். விசாரணைக்குப் பங்கீட்டு உத்தியோகத்தர் சைக்கிளில் வந்தார்.

"எரிவாயு இருக்கிறது உண்மையோ?"

"சத்தியமாய் இருக்குது" என்று இரு தலைவர்களும் ஒரே குரலில் கூறினர்.

"நல்லது. அப்ப இரண்டு ஊருக்கும் மண்ணெண்ணெய்ப் பங்கீடு இண்டையோடை நிப்பாட்டப்படுது."

மறுநாள் முத்துக்குமாரு மார்கிரட்டின் வீட்டு வாசற்படலையில் நின்றார். அவருடைய வெங்காயத் தாள்கள் மஞ்சளாகியிருந்தன.

"பிள்ளை, ஒரு துலாக்கயிறு தேவைப்படுது."

"கயிறெல்லாம் கடலிலை கட்டிக்கிடக்கு, ஐயா. போய் அவிழ்க்கட்டோ?"

அவர் கடற்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எல்லையை எப்பிடிப் பிள்ளை அவிழ்க்கிறது?"

இவ்வரலாற்றைக் கேட்டோர் கிணற்றில் நீரும், துலாவில் கயிறும், விளக்கில் எண்ணெயும், மார்கிரட்டின் அடுப்பில் நெருப்பும் குறைவின்றி விளங்க, நஞ்சுண்ட பெருமான் அருள்புரிக. ஆலடிக்கரையாருக்கும் அவ்வாறே அருள்க. முதலில் எங்கள் கரைக்கு.